ஹெரால்டு காரின் கதவும் அதன் உட்பொறிகளும்

மலர்க் குழு அன்பர்கள் இவ்வாண்டும் கட்டுரை கேட்டு வந்தபோது, சென்ற முறைபோல நிகண்டுகளைப் பற்றி ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்தார்கள். கார் கதவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் ஒருவர் சிரித்துவிட்டார். "நயினார், அது மெக்கானிக் சமாச்சாரம் ஆச்சே" என்றார். மெக்கானிக் சமாச்சாரம்தான். ஆனால் அதை வரிசையாகத் தமிழில் எழுதி வைத்த ஒரு பக்கம்கூட இதுவரை என் கண்ணில் படவில்லை. செய்யத் தெரிந்தவர்களோ ஒவ்வொருவராகக் கண் மங்கி, கை நடுங்கி வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே ஒரு கதவோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிழையிருந்தால் அன்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த ரிச்சர்ட்ஸ் துரைதான் 1918-இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெஸட்டியரை எழுதியவர் என்பது இங்கே குடியிருக்கும் பலருக்குத் தெரியாது. அது இருக்கட்டும். வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கும் கார் என் அண்ணன் 1974-இல் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி, கிருஷ்ணகிரி வழியாகத் தானே ஓட்டி வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு வண்டி, 1966 மாடல்.

ஹெரால்டு பிறந்தது இங்கிலாந்தில், 1959-இல். ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி செய்த வண்டிக்கு உருவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. இரண்டு ஆண்டு கழித்து, 1961-இல், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைச் செய்யத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட் என்றால் நம் சென்னைக்கு ஹெரால்டு. பிறகு நான்கு கதவு வைத்து ஒன்று வந்தது. எழுபதுகளில் கெஸல் என்று பெயர் மாறி, அதுவும் நின்றது. ஆகவே இந்த வண்டியும் எங்களைப் போலத் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த வண்டிதான்.

அண்ணன் காலமாகி ஆறு ஆண்டு ஆகிறது. அண்ணி எழுபத்தெட்டு வயதிலும் இந்த வண்டியில்தான் ஏறுவேன் என்பார். முன்பக்கம் இடது சீட்டு அவருடையது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் பெட்ரோல் போட நிறுத்தியிருந்தோம். மழை வலுத்தது, கண்ணாடியை ஏற்றலாம் என்று அண்ணி கைப்பிடியைச் சுற்றினார். கதவுக்குள் 'தொப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி மொத்தமாக உள்ளே விழுந்துவிட்டது. இறங்கலாம் என்று பார்த்தால் உள் கைப்பிடியும் வேலை செய்யவில்லை. வெளிப் பொத்தானும் அழுந்திக்கொண்டு நின்றுவிட்டது. முழங்கால் வலியுள்ள மனுஷியை டிரைவர் பக்கமாக, கியர் தடியைத் தாண்டி, இரண்டு பேர் தாங்கி இறக்கினோம். முழுக்க நனைந்துவிட்டார். அன்று ராத்திரியே அண்ணன் மகன், "சித்தப்பா, போதும், வித்துடலாம். அம்மா உள்ளே இருக்கும்போது ஏதாவது ஆனா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. திறக்காத கதவு ஆபத்துதான். நான் மூன்று மாதம் தவணை கேட்டேன்.

நான் ஹார்டுவேர் வியாபாரி. போல்ட்டு, நட்டு, வாஷர் நாற்பது வருஷமாகக் கையில் புழங்குகிறது. அந்தத் தைரியத்தில் கதவை நானே பிரித்தேன். கடைக்காரன் புத்தி போகுமா? பேரேடு ஒன்று போட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு எழுதினேன். 'கைப்பிடி 2, பின் 2, வில்லை 2, கதவு பேட் 1, கிளிப் 17, அதில் உடைந்தது 9' என்று. பழைய மெக்கானிக் புத்தகங்களில், கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கினால் மாட்டும் வரிசை கிடைக்கும் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் பேரேட்டைப் பின்னாலிருந்து புரட்டினால் ஆயிற்று என்று நம்பினேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன், கதவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கார் கதவு என்பது வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவே சில அங்குல இடைவெளி. அந்த இடைவெளிக்குள் கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் கிளாஸ் மிஷின், கதவின் பின்விளிம்பில் லாக், லாக்கையும் உள் கைப்பிடியையும் இணைக்கும் ஒரு நீளக் கம்பி, கண்ணாடி ஓடுவதற்கு இரு பக்கமும் ஃபெல்ட் ஒட்டிய சேனல், முன்னால் முக்கோணமாகத் திறக்கும் குவார்ட்டர் கிளாஸ். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றின் மேல் ரெக்ஸின் ஒட்டிய அட்டை, அதைத்தான் கதவு பேட் என்கிறோம்.

இவற்றில் கிளாஸ் மிஷின்தான் அழகானது. கைப்பிடியின் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது, விசிறியை விரித்தாற்போல் இருக்கும் ஒரு பெரிய பல்தகட்டைத் தள்ளுகிறது. அந்தத் தகட்டோடு சேர்ந்த கை ஒன்று மேலெழும்புகிறது. கையின் முனையில் ஒரு குமிழ். அது கண்ணாடியின் அடியில் இருக்கும் இரும்புச் சேனலின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கை வட்டமாகச் சுழல்கிறது; கண்ணாடியோ நேராக ஏற வேண்டும். அதனால் குமிழ் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். பள்ளத்தில் கிரீஸ் காய்ந்தால் கைப்பிடி கனக்கும். கனக்கிறதே என்று பலமாகச் சுற்றினால் பல் தேயும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். கண்ணாடியின் எடையைத் தாங்கக் கடிகாரத்தில் உள்ளதுபோல் சுருள்வில் ஒன்றும் உண்டு. தண்டைச் சுற்றி இன்னொரு சின்ன வில். கைப்பிடியைச் சுற்றினால் அது தளர்ந்து கண்ணாடி நகரும், கண்ணாடியை மேலிருந்து அழுத்தினால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது கண்ணாடி தானே இறங்காமல் இருப்பது இதனால்தான்.

சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக் கொண்டு செய்வித்த மயிற்பொறி நினைவுக்கு வருகிறது. பொறியை வலப்பக்கம் திரித்தால் பறக்கும், இடப்பக்கம் திரித்தால் இறங்கும் என்று திருத்தக்கதேவர் பாடியிருக்கிறார். அந்த மயிலுக்குள் விமானம் இருந்ததா என்று வாதாடுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரே பிடியை ஒரு பக்கம் திருப்பினால் ஏற்றமும் மறுபக்கம் திருப்பினால் இறக்கமும் வரும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவருக்கு இருந்தது என்ற அளவில் எனக்குத் திருப்தி.

இனி என் கதை. பேரேட்டின்படி கடைசியில் கழற்றியது மிஷின். ஆகவே முதலில் மிஷினை மாட்டி நன்றாக முறுக்கினேன். மேலிருந்து கண்ணாடியை இறக்கினால் மிஷினின் கை குறுக்கே நிற்கிறது. கழற்றினேன். கண்ணாடியை இறக்கி, சேனல்களை முறுக்கி, மிஷினைப் போட்டேன். பாதி ஏறியது, சாய்ந்தது, சிக்கியது. ஒரு வழியாக அதைச் சரிசெய்த பிறகுதான் லாக் கம்பியை மாட்டவில்லை என்பது தெரிந்தது. இப்போது உள்ளே கை போகவில்லை. இந்த மூன்று வரியை எழுத மூன்று நிமிஷம். அனுபவிக்க மூன்று மாதம். தவணை முடிந்தது. அண்ணன் மகன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் யாரோ ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் சிவாஜி நகரிலிருந்து பாய் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் புரை அறுத்தாகிவிட்டது, மறு கண்ணில் பாக்கி. அண்ணன் காலத்தில் இந்த வண்டியைப் பார்த்தவர். பெங்களூரில் ஜைனன் என்றதும் பலர் "சேட்டு" என்று கூப்பிடுவார்கள். நாங்கள் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ் ஜைனர், தாய்மொழி தமிழ் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். பாய்க்கு அந்த விளக்கம் தேவைப்பட்டதில்லை. முதல் நாளிலிருந்து நயினார்தான். என் பேரேட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு சொன்னார்: "நயினாரே, நீங்க கழட்டும்போது துரு வழி விட்டுருச்சு. மாட்டும்போது யாரு வழி விடுவாங்க?"

விஷயம் இதுதான். நான் பிரிக்கத் தொடங்கும்போதே கண்ணாடி மிஷினைவிட்டு விழுந்து கதவின் அடியில் கிடந்தது. கம்பி லாக்கிலிருந்து தானே கழன்றிருந்தது. ஆகவே அந்த இரண்டு வேலையும் என் கணக்கில் ஏறவே இல்லை. செலவு எழுதாத பேரேட்டைத் தலைகீழாகப் புரட்டி என்ன பிரயோஜனம்? நல்ல நிலையில் உள்ள கதவைப் பிரிப்பவருக்குப் புத்தகத்தின் ஒற்றை வரி செல்லும். கெட்டுப்போன கதவுக்குச் செல்லாது. கெட்டுப்போகாத கதவை யார் பிரிக்கிறார்கள்?

பாய் முதலில் மிஷினைத் தொடவில்லை, கதவின் அடியைத் தடவினார். மழை நீர் கதவுக்குள் வராது என்று நாம் நினைக்கிறோம். கட்டாயம் வரும். கண்ணாடியில் வழியும் தண்ணீரில் ஒரு பங்கு பீடிங்கைத் தாண்டி உள்ளே இறங்கத்தான் செய்யும்; வடிவதற்காக அடிவிளிம்பில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். எங்கள் கதவில் ஓர் ஓட்டையை முன்பு எப்போதோ பெயின்ட் அடித்தவர்கள் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். இன்னொன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. தண்ணீர் தேங்கி, கண்ணாடியின் அடிச்சேனல் துருத்து, பிடித்திருந்த ரப்பர் உளுத்துப்போனதால்தான் கண்ணாடி விழுந்தது. பட்டியை உடனே குத்தி எடுத்தோம். குளவிக் கூட்டில் உயிர் இருக்கலாம் என்று நான் தயங்கியதால் பாய் சிரித்துக்கொண்டே இரண்டு வாரம் தள்ளிப் போட்டார். கூடு ஓட்டையாகிக் காலியான பிறகே எடுத்தோம். அந்த இரண்டு வாரத்தில் உள்தகட்டைச் சுரண்டித் துரு எதிர்ப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன்.

சாமான் தேடியது தனிக்கதை. ஃபெல்ட் சேனலும் பீடிங்கும் ஜே.சி. ரோட்டில் கிடைத்தன. மிஷினுக்காகச் சென்னைப் புதுப்பேட்டை வரை போனேன். ஒரு கடையில் கொடுத்ததை ஆசையாய்க் கொண்டுவந்து பார்த்தால் வலது கதவினுடையது. கண்ணாடியில் பார்க்கும் முகம்போல எல்லாம் இடம் மாறியிருந்தது. தண்டு வெளித்தகட்டைப் பார்த்து நின்றது. கடைசியில் எங்கள் பழைய மிஷினின் தேய்ந்த பற்களுக்கே பித்தளை வெல்டிங் வைத்து, பாய் அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவிக் கொடுத்தார். கண்ணால் பார்க்கவில்லை, நகத்தால் தடவித்தான் அளந்தார். குமிழுக்கு வாஷர் வெட்டப் பழைய செருப்புத் தோலை எடுத்தார். தோல் நமக்கு ஆகாது என்றேன். கடையிலிருந்து ஃபைபர் வாஷர் வரவழைத்தேன். "தோலுதான் சத்தம் போடாது" என்று இன்றுவரை சொல்கிறார். உண்மையாகவும் இருக்கலாம்.

வியாபாரியாக ஒரு குறிப்பு. இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. கால் அங்குல நட்டுக்குள் இக்காலத்து 6 மில்லிமீட்டர் போல்ட் போகிற மாதிரி போகும், முறுக்கினால் பிடிக்காது. வேறு கைகள் பட்ட வண்டி என்றால் மரையைக் கட்டாயம் சரிபாருங்கள்.

இனி மாட்டிய முறை. முதலில் லாக்கும், அதன் நீளக் கம்பியும், வெளி ஹேண்டிலும். கதவு காலியாக இருக்கும்போதுதான் கை நுழையும். மாட்டியதும் ஸ்க்ரூ டிரைவரால் லாக் நாக்கைத் தள்ளி, உள் கைப்பிடியாலும் வெளிப் பொத்தானாலும் பத்துத் தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். கதவை மூடிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. திறக்காவிட்டால் பேட் கழற்றிய கதவானாலும் படாத பாடு. பிறகு குவார்ட்டர் கிளாஸ் சட்டமும் இரண்டு சேனல்களும், போல்ட்டைக் கையால் மட்டும் திருகி, தொளதொளவென்று.

அடுத்து கண்ணாடி. அதன் அடிச்சேனலுக்குள் புது ரப்பர்ப் பட்டை வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, மரச் சுத்தியால் தட்டி இறக்க வேண்டும். இது டஃபன்டு கண்ணாடி. ஓரத்தில் இரும்பு பட்டால் மொத்தமும் கற்கண்டாக உதிர்ந்துவிடும், வெட்டி ஒட்டவும் வழியில்லை. சேனல் கண்ணாடியின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை நான் குறித்துவைக்கவில்லை. அரை அங்குலம் மாறினாலும் கண்ணாடி சாய்ந்து ஏறும். நான் பட்ட பாட்டில் பாதி அதனால்தான். பாய் கண்ணாடியின் அடியில் விரலை ஓட்டி, "இங்கே இருக்கு பாருங்க" என்றார். பழைய துருக்கோடு லேசாகத் தடித்திருந்தது. ஐம்பது வருஷம் சேனல் உட்கார்ந்த இடம். நான் அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துக் கழுவ இருந்தேன்.

கதவின் அடியில் ஒரு பழைய துண்டைப் போட்டு, கண்ணாடியைச் சாய்வாக இறக்கி அதன்மேல் உட்கார வைத்தோம். அதன்பின்தான் மிஷின், கையை மடக்கிப் பக்கவாட்டு ஓட்டை வழியாக. குமிழைப் பள்ளத்தில் நுழைத்து, வாஷரும் கிளிப்பும் போட்டு, போல்ட்டுகளைக் கையால் திருகினோம். இந்தக் கட்டத்தில் ஒன்றைக்கூட ஸ்பேனரால் முறுக்கக் கூடாது. போல்ட் ஓட்டைகள் நீளவாக்கில் இருப்பது, அவரவர் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும் என்றுதான். கண்ணாடியை முழுக்க ஏற்றினோம், இறக்கினோம், மறுபடி ஏற்றினோம். முழுக்க ஏறிய நிலையில் சேனல்களின் மேல் போல்ட்டுகளையும், முழுக்க இறங்கிய நிலையில் கீழ் போல்ட்டுகளையும் முறுக்கினோம். மிஷினின் போல்ட்டுகள் கடைசியாக. எல்லாவற்றையும் முதலிலேயே இறுக்கியவன் நான். அதனால் கதவில் எதற்கும் நகர இடமில்லாமல் போயிற்று.

பீடிங் கிளிப்புகள் கை தவறினால் கதவின் அடிக்குப் போய்விடும். ஒவ்வொன்றிலும் தையல் நூல் கட்டிவிட்டு மாட்டி, பிறகு நூலை அறுப்பது பாயின் வழக்கம். அடுத்து பிளாஸ்டிக் தாள். இதை அலட்சியமாக விடுகிறவர்கள் அதிகம். தாளை உள்தகட்டில் ஒட்டினால் மட்டும் போதாது. கீழ் ஓரத்தைக் கதவுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் திரும்பக் கதவுக்குள் விழுந்து ஓட்டை வழியே வெளியேறும். வெளியே தொங்கவிட்டால் அட்டை ஊறி, வண்டிக்குள் பூஞ்சை நாற்றம் எடுக்கும். கடைசியாகக் கதவு பேட், வில்லை, கைப்பிடி. வில்லையை உள்ளே அழுத்திக்கொண்டு, கைப்பிடியின் ஓட்டையையும் தண்டின் ஓட்டையையும் நேராக்கிப் பின்னைத் தள்ள வேண்டும். மூன்று கை வேண்டிய வேலை. பேரன் உதவினான்.

வேலை பெரும்பாலும் மாலையில்தான். பொழுது சாய்வதற்குள் நான் சாப்பிட எழுந்திருக்க வேண்டும். அதே நேரத்துக்கு அவர் தொழுகைக்குப் போக வேண்டும். இருவரும் ஒன்றாகவே ஸ்பேனரைக் கீழே வைப்போம்.

எல்லாம் முடிந்த பிறகும் கதவு ஓங்கி அடித்தால்தான் மூடியது. கதவில் குற்றம் இல்லை. ஹெரால்டின் பாடி தனித்தனித் துண்டுகளாகத் தனிச் சேஸிஸ்மேல் போல்ட் போட்டுப் பூட்டியது. பாடிக்கும் சேஸிஸுக்கும் இடையில் பாக்கிங் தகடுகள் இருக்கும். அவற்றில் ஒன்று நசுங்கி பாடி சற்று இறங்கியிருந்தது. அதனால் கதவின் பின்விளிம்பு தூணில் இடித்தது. புதுத் தகடு வைத்ததும் இடைவெளி சமமானது. தூணில் உள்ள கொண்டியைத் தளர்த்தி, நூலிழை வெளியே தள்ளி முறுக்கினார் பாய். மெதுவாகத் தள்ளினால் முதல் 'டிக்', இன்னும் கொஞ்சம் தள்ளினால் இரண்டாவது 'டிக்'. முதல் டிக் மட்டும் கேட்டால் கதவு மூடியதுபோல் தெரியும், முழுக்க மூடவில்லை. ஓட்டத்தில் முழுதும் திறந்துகொள்ளாமல் பிடிக்க மட்டும் அது. வீட்டில் எல்லோருக்கும் இந்த இரண்டு சத்தத்தையும் கேட்கப் பழக்கியிருக்கிறேன்.

கன்னடத்தில் கதவைப் பாகிலு என்பார்கள். நம் வாயில் என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. நம் வகரம் அங்கே பகரமாகும். தாழ், கீல், கொண்டி என்று கதவுக்கான சொற்கள் தமிழில் நிறைய உண்டு. ஆனால் பாயிடம் போய் 'பல்தகடு' என்றால் விழிப்பார். அவருக்கு அது "மிஷின் விசிறி". நல்ல சொல், நான் பேரேட்டில் அதையே எழுதிக்கொண்டேன்.

அந்தப் பேரேட்டை இப்போது திருத்தி எழுதியிருக்கிறேன், மாட்டும் வரிசையில். அண்ணன் மகன் ஒரு பிரதி எடுத்து வண்டியின் டேஷ்போர்டுக்குள் வைத்திருக்கிறான். வந்து பார்த்துவிட்டுப் போனவருக்கு அவனே போன் செய்து, கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டான்.

போன மாதம் அண்ணியைக் காரில் உட்கார வைத்தோம். உள்ளிருந்து கதவை அவரே நான்கு தடவை திறந்து மூடிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கினார். "தம்பி, முன்னெல்லாம் இது இவ்வளவு லேசா சுத்தாது" என்றார். வலது கதவைப் பிரிக்கலாம் என்று பாய் சொல்கிறார். அதற்குள் அவருடைய இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆக வேண்டும், தேதி வாங்கியிருக்கிறோம். புதுப்பேட்டையில் தவறுதலாகக் கொடுத்த அந்த வலது மிஷினைத் திருப்பிக் கொடுக்காமல் எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.